மேட்ச் முடிஞ்சு பைக்ல ஏறினதும் பிள்ளைகிட்ட என்ன பேசணும்? கால்பந்து ஆடும் குழந்தைகளின் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

வார இறுதியில் ஏதாவது ஒரு ஃபுட்பால் கிரவுண்டுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். அங்கே இரண்டு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். கோட்டுக்கு உள்ளே பிள்ளைகள் ஆடுவார்கள். கோட்டுக்கு வெளியே அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா எல்லாரும் சேர்ந்து வாயாலேயே ஆடுவார்கள். "பாஸ் குடுடா", "அடிடா, அடிடா", "ஏன் நின்னு வேடிக்கை பார்க்கிற?"

பிள்ளை மேல் இருக்கும் ஆசையில் வரும் சத்தம்தான் அது. ஆனால் ஒரு குழந்தை 17, 18 வயது வரை கால்பந்தில் நிலைக்குமா, 13 வயதிலேயே பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுமா என்பதில் வெளியே நடக்கும் இந்த ஆட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அமையாது. ஆனால் நல்ல உடம்பு, நண்பர்கள், தோற்றாலும் மறுநாள் எழுந்து கிரவுண்டுக்குப் போகும் பழக்கம் ஆகிய மூன்றும் ஆடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், பாதியில் விடாமல் ஆடினால். அதற்குப் பெற்றோர் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெளியே இருந்து சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம். காரணம் எளிமையானது. பந்து காலுக்கு வந்ததும் ஆட்டக்காரர் ஒரு நொடிக்குள் நிமிர்ந்து பார்க்கணும், யார் காலியாக நிற்கிறார்கள் என்று கவனிக்கணும், முடிவெடுக்கணும். கால்பந்தின் உயிரே இந்த முடிவெடுக்கும் திறமைதான். நீங்கள் "அடி" என்று கத்தும்போது அந்த முடிவை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். பிள்ளை காதால் ஆடப் பழகுகிறது, கண்ணால் ஆடப் பழகுவதில்லை.

இதில் கோச் ஒன்று சொல்லி, அப்பா வேறொன்று சொன்னால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? பந்தை விட்டுவிட்டு முதலில் அப்பா முகத்தைத்தான் பார்க்கும்.

கைதட்டுங்கள், உற்சாகப்படுத்துங்கள். எதிரணிப் பிள்ளை நல்ல கோல் போட்டால் அதற்கும் தட்டுங்கள். ரெஃப்ரியைத் திட்டாதீர்கள். குட்டிகள் ஆட்டத்துக்கு விசில் பிடிப்பவர் பல நேரம் சீனியர் பையனாகவோ உள்ளூர் முன்னாள் ஆட்டக்காரராகவோதான் இருப்பார். அவரை நீங்கள் மதிக்கும் அளவுக்குத்தான் உங்கள் பிள்ளையும் மதிக்கும்.

திரும்பி வரும் வழியில் என்ன பேசுவது?

பெற்றோர் பலர் சறுக்கும் இடம் இதுதான். 3-0 என்று தோற்றுவிட்டு, வியர்வை காயாமல் பிள்ளை பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள், "அந்த ரெண்டாவது கோல் உன்னாலதான்" என்று ஆரம்பித்துவிடுவோம். பிள்ளையால் எழுந்து போகவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. அந்த கோல் யாரால் விழுந்தது என்பது நம்மைவிட அதுக்கு நல்லாத் தெரியும்.

இந்தப் பயணத்துக்கு மூன்று விஷயம் போதும்.

முதலில், "பசிக்குதா? தண்ணி குடிச்சியா?" என்று கேளுங்கள்.

அடுத்து, "நீ ஆடுறதைப் பார்க்க எனக்குப் பிடிச்சிருந்தது" என்று சொல்லுங்கள். ஜெயித்த நாளிலும் தோற்ற நாளிலும் இதே வாக்கியம்தான்.

மூன்றாவதாக, பிள்ளை தானாக மேட்ச் பற்றிப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். பேச வேண்டிய தவறு ஏதாவது இருந்தால் கோச் அடுத்த பயிற்சியில் பேசுவார். அதற்குத்தான் அவருக்கு ஃபீஸ் கட்டுகிறோம்.

கோலுக்கு 100 ரூபாய் என்று பரிசு பேசும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அப்புறம் பிள்ளை பாஸ் கொடுக்காது. டிஃபென்ஸில் நிற்கும் பிள்ளைக்கும் கோல் கீப்பருக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எந்த வயதில் எவ்வளவு ஆடலாம்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பந்தும் பெரிய மைதானமும் தேவையில்லை. பொதுவாக 8 வயதுக்குக் கீழே 3-ம் நம்பர் பந்து, 8 முதல் 12 வரை 4-ம் நம்பர், 13-க்கு மேல் 5-ம் நம்பர். "வளர்ந்தாலும் பயன்படுமே" என்று 7 வயதுப் பிள்ளைக்கு 5-ம் நம்பர் பந்து வாங்கினால் காலுக்கும் கஷ்டம், பந்தைக் கட்டுப்படுத்தவும் வராது.

அதேபோல் குட்டிகள் 11 பேர் ஆட்டம் ஆட வேண்டியதில்லை. 5 பேர், 7 பேர் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அதிக முறை வரும். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, அதாவது ஏ.ஐ.எஃப்.எஃப், 2018-ல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் இந்த யோசனையில் உருவானதுதான். பின்னாளில் அதற்கு ப்ளூ கப்ஸ் என்று பெயர் மாறியது.

"இப்பவே முழு நேரமும் ஃபுட்பால் மட்டும் ஆடினாத்தான் பெரிய ஆளா வருவான்" என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம். வாரத்தில் 1 அல்லது 2 நாள் கட்டாய ஓய்வு. வருடத்தில் மொத்தம் 3 மாதம், மாதம் மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து இடைவெளி. கபடியோ, நீச்சலோ, தெருவில் ஓடிப்பிடித்து ஆடுவதோ நேர விரயம் இல்லை, அதுவும் பயிற்சிதான்.

என் பிள்ளையை பெஞ்சிலேயே உட்கார வைக்கிறாங்க, ஏன்?

திறமைக் குறைவுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன் பிறந்த மாதத்தைப் பாருங்கள்.

வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவு. ஆனால் இருவருக்கும் 11 மாதம் வித்தியாசம். 10 வயதில் 11 மாதம் என்பது உயரத்திலும் வேகத்திலும் நன்றாகவே தெரியும். கோச் கண்ணுக்குப் பெரியவன் திறமைசாலியாகத் தெரிவான். ஐரோப்பிய அகாடமிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

இத்துடன், சில பிள்ளைகள் 12-லேயே சட்டென்று வளர்ந்துவிடுவார்கள், சிலர் 15-ல்தான் வளர்வார்கள். பின்னால் வளரும் பிள்ளை அதுவரை கிரவுண்டைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும், வித்தியாசம் குறைந்துவிடும்.

கோச்சிடம் பேசணுமா? பேசுங்கள். ஆனால் மேட்ச் முடிந்த சூட்டில் வேண்டாம், பிள்ளையின் முன்னாலும் வேண்டாம். மறுநாள் போய், "ஏன் சார் எடுக்கல?" என்று கேட்பதைவிட, "அவன் எதில் முன்னேறணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

பூட்ஸ், ஷின் கார்டு: என்ன வாங்கணும்?

விலை உயர்ந்த பூட்ஸைவிட கிரவுண்டுக்குப் பொருந்தும் பூட்ஸ்தான் முக்கியம். நம் ஊர் மைதானம் பல இடங்களில் காய்ந்து இறுகிய மண். அதில் நீளமான ஸ்டட் உள்ளே இறங்காது, பாதத்தைக் குத்தும், வழுக்கும். கட்டாந்தரைக்கும் செயற்கைப் புல் டர்ஃபுக்கும் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முனைகள் உள்ள டர்ஃப் ஷூ வசதி. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். கால் உள்ளே ஆடினால் கொப்புளமும் கணுக்கால் பிசகலும் வரும்.

ஷின் கார்டு விதிப்படி கட்டாயம். பயிற்சிக்கும் போட்டுப் பழகட்டும்.

இன்னொன்று, கால்பந்து விதி எண் 4-ன்படி எந்த நகைக்கும் அனுமதி இல்லை. தோடு, செயின், வளையல், மோதிரம் எல்லாம் கழற்றணும். டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்காது. மகளுக்குப் புதிதாகக் காது குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த பிறகு குத்துங்கள். தோட்டைக் கழற்ற முடியாததால் மேட்ச் ஆட முடியாமல் பிள்ளை அழுதுகொண்டு நிற்பதைத் தவிர்க்கலாம்.

வெயிலும் சாப்பாடும்

ஏப்ரல், மே கோடைக்கால முகாம்தான் நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் அனுபவம். வெயிலும் அப்போதுதான் உச்சம். பயிற்சி அதிகாலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ இருக்கிறதா என்று கேளுங்கள். காலை 10 மணிக்கு மேல் ஓடவிடும் முகாம் என்றால் யோசியுங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில வாய் தண்ணீர் குடிக்கணும். நிறைய வியர்த்த நாளில் உப்புப் போட்ட மோர் நல்லது. காஃபின் உள்ள எனர்ஜி டிரிங்க் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மேட்சுக்கு 2, 3 மணி நேரம் முன்பு இட்லி, இடியாப்பம் போல எளிதில் செரிக்கும் சாப்பாடு. கிளம்பும்போது ஒரு வாழைப்பழம். முடிந்த பிறகு சோறு, பருப்பு, முட்டை என்று வீட்டுச் சாப்பாடே போதும்.

ஆடும்போது தலைசுற்றல், வாந்தி, குழறிப் பேசுவது, உடம்பு அனலாகக் கொதிப்பது தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத் துணியால், தண்ணீரால் உடம்பைக் குளிர வையுங்கள். 108-ஐ அழையுங்கள். இது "கொஞ்ச நேரம் உட்காரு, சரியாயிடும்" என்று விடும் விஷயம் இல்லை.

வலின்னா விடக்கூடாதா?

8 முதல் 14 வயதுக்குள் குதிகால் வலி, 10 முதல் 15-க்குள் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி. கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் இந்த இரண்டும் அடிக்கடி வரும். எலும்பு வளரும் இடத்தைத் தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. பெரும்பாலும் ஓய்விலும் சரியான உடற்பயிற்சியிலும் சரியாகிவிடும். ஆனால் "நடிக்கிறான்" என்று சொல்லி ஓடவிட்டால் நீடிக்கும். வலி ஒரு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, நொண்டினாலோ எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

காயத்தைக் குறைக்க எளிய வழி ஒழுங்கான வார்ம்-அப். 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்றே '11+ கிட்ஸ்' என்ற பயிற்சி முறை இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, சரியாக விழக் கற்பது போன்றவை அதில் உண்டு. 4 ஐரோப்பிய நாடுகளில் சுமார் 3,900 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் 48% குறைவாக இருந்தன. உங்கள் கோச் இதைச் செய்கிறாரா என்று கேட்கலாம்.

தலையில் அடி பட்டால் என்ன செய்யணும்?

தலையோடு தலை மோதினாலோ, கீழே விழுந்து தலை அடிபட்டாலோ, மயக்கம் வந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தலைவலி, மங்கலான பார்வை, ஸ்கோர் என்ன என்று கேட்டால் விழிப்பது, காரணமில்லாமல் அழுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் இருந்தாலே வெளியே கூப்பிட்டுவிடணும். ஃபைனலாக இருந்தாலும் அதே நாளில் திரும்ப இறக்கக்கூடாது. வாந்தி, அதிகமாகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மறுபடி ஆட வருவது மருத்துவர் சொன்ன பிறகுதான்.

சின்ன வயதில் தலையால் பந்தை அடிக்கும் ஹெட்டர் பயிற்சியையும் பல நாடுகள் குறைத்துவிட்டன. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல் 10 வயதுக்கு உட்பட்டோருக்கு ஹெட்டரைத் தடை செய்தது. இங்கிலாந்து 2020-ல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டர் வேண்டாம் என்றது. 8 வயதுப் பிள்ளைக்குத் தினமும் ஹெட்டர் பயிற்சி நடந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"வயசை ரெண்டு வருஷம் குறைச்சுக்கலாம் சார்"

இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். கோச்சே சொன்னாலும் சரி.

ஏ.ஐ.எஃப்.எஃப் வயதுப் பிரிவுப் போட்டிகளில் டி.டபிள்யூ.3 என்ற எலும்பு வயதுச் சோதனையைப் பயன்படுத்துகிறது. கை, மணிக்கட்டு எக்ஸ்-ரேயில் எலும்புகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்த்து வயதை மதிப்பிடுவார்கள். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009 முதல் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ ஸ்கேனைப் பயன்படுத்துகிறது. வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-ல் தேசிய விதிமுறையே கொண்டுவந்தது.

மாட்டிக்கொண்டால் பிள்ளைக்குத் தடை வரும். மாட்டாவிட்டாலும் நஷ்டம் உண்டு. தன்னைவிடச் சின்னவர்களோடு ஆடி ஜெயித்துப் பழகிய பிள்ளை, சீனியர் பிரிவுக்குப் போனதும் தடுமாறும். பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று பிறந்த தேதி மாறிமாறி நிற்கும் சிக்கல் வாழ்நாள் முழுக்க வரும். உண்மையான வயதில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

அகாடமியில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கோச்சுக்கு ஏ.ஐ.எஃப்.எஃப் லைசென்ஸ் இருக்கா? டி, சி, பி, ஏ என்று படிகள் உண்டு.

2. ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்?

3. முதலுதவிப் பெட்டியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா?

4. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பயிற்சியைப் பார்க்கலாமா?

5. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள், கூட யார் இருப்பார்கள்? மாணவிகள் அணி என்றால் பெண் பொறுப்பாளர் வருகிறாரா?

நான்காவது கேள்விக்கு "அதெல்லாம் முடியாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடிப்பது, கெட்ட வார்த்தையில் திட்டுவது, தனியாகக் கூப்பிடுவது, இரவில் பிள்ளைக்கு மட்டும் மெசேஜ் அனுப்புவது இதெல்லாம் "கண்டிப்பான கோச்" என்பதற்கான அடையாளம் இல்லை. "உன்கிட்ட யாராவது தப்பா நடந்தா என்கிட்ட சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன், ஃபுட்பாலை நிறுத்த மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆட்டம் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் சீண்டல் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது, பையன்களுக்கும் அது பொருந்தும்.

மகள் ஆடணும்னு சொன்னா?

ஆடட்டும். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் சீனியர் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் "இனி கிரவுண்டுக்குப் போக வேண்டாம்" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சை வீட்டில் தடுக்க வேண்டியது பெற்றோர்தான். மாதவிடாய் நாட்களில் உடம்புக்கு முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் ஓய்வெடுக்கலாம், முடிவு மகளுடையது. கிரவுண்டில் சுத்தமான கழிப்பறை, உடை மாற்றும் இடம் இருக்கிறதா என்று சேர்க்கும் முன்பே போய்ப் பாருங்கள். அது இல்லாததாலேயே ஆட்டத்தை விடும் பெண் பிள்ளைகள் உண்டு. எப்போதும் சோர்வாக இருந்தால் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

படிப்பு என்னாகும்? ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா?

10-ம் வகுப்பு வந்ததும் ஆட்டத்தை அடியோடு நிறுத்துவதுதான் நம் வழக்கம். முழுதாக நிறுத்தத் தேவையில்லை. வாரம் 5 நாளை 2 நாளாகக் குறைத்தாலும் தொடர்பு அறுந்துபோகாது. ஓடி ஆடி வந்த பிள்ளை நன்றாகத் தூங்கும் என்பதும் பரீட்சைக்கு உதவும்.

வாய்ப்புகளும் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தேர்வாகும் பள்ளி மாணவர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி கிடைக்கும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு தனியாக உண்டு. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடஒதுக்கீடு உண்டு.

இங்கேதான் பெற்றோர் உஷாராக இருக்கணும். "நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்று பெயர் வைத்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, வெளிமாநிலத்துக்கோ பக்கத்து நாட்டுக்கோ கூட்டிப்போகும் தனியார் போட்டிகள் உண்டு. கோப்பை கிடைக்கும், போட்டோ கிடைக்கும். ஆனால் அங்கே தரும் எல்லாச் சான்றிதழும் கோட்டாவுக்குச் செல்லாது. மாவட்ட, மாநிலக் கால்பந்து சங்கம், ஏ.ஐ.எஃப்.எஃப், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் போட்டியா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பள்ளி வழியாக வரும் போட்டிகளையும், முதலமைச்சர் கோப்பையையும், 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பையையும் தவறவிடாதீர்கள்.

கடன் வாங்கி ஆட வைக்காதீர்கள். வீட்டில் கடன் ஏறுவது பிள்ளைக்குத் தெரியும். அந்த பாரம் காலில் ஏறினால் பந்து ஓடாது.

"எனக்கு இனி வேண்டாம்"னு பிள்ளை சொன்னா?

உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், உடனே திட்டவும் செய்யாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கோச் திட்டினாரா? நண்பன் வேறு இடம் போய்விட்டானா? காலில் வலியா? பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துவிட்டதா? இவற்றில் பலவற்றுக்குத் தீர்வு உண்டு. அணி மாற்றலாம், ஒரு மாதம் ஓய்வு விடலாம், போட்டி இல்லாமல் தெருவில் சும்மா ஆட விடலாம்.

எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் கட்டிய ஃபீஸை அப்போது சொல்லிக் காட்டாதீர்கள். நாளைக்கே பாட்மின்டனுக்கோ ஓட்டப்பந்தயத்துக்கோ போகலாம், அடுத்த வருடம் கால்பந்துக்கே திரும்பியும் வரலாம். திரும்பி வர வெட்கப்பட வேண்டாத மாதிரி கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இந்த வாரமே ஆரம்பிக்க ஒரு சின்ன விஷயம்: அடுத்த மேட்சுக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று, ஒரு ஆட்டம் முழுக்க எதுவும் சொல்லிக் கொடுக்காமல் கைதட்டிப் பாருங்கள். பிள்ளை எத்தனை முறை உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்று மேட்ச் இப்படியே இருங்கள். அந்த எண்ணிக்கை குறையக் குறைய, உங்கள் பிள்ளை பந்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.